இடையூறு: ஒருவர், வலையுடன்

தவளக்குப்பம்
28.1.2025

அன்புள்ள கவிநிலாவுக்கு,

இந்தக் காலத்தில் போய் கடிதம் எழுதுகிறேனே என்று முதலில் என்னை மன்னித்துக்கொள். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ பேசுவாய், நான் ‘ம்’ கொட்டுவேன், கடைசியில் சரி என்று சொல்லி வைத்துவிடுவேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. எழுதும்போது மட்டும்தான் என் பேச்சை யாரும் குறுக்கே வெட்ட முடியாது.

கோயம்புத்தூர் எப்படி இருக்கிறது? விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? உன் பைனாகுலர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உப்புப் படியாமல் துடைத்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீயும் அங்கே இருந்தாய். இருந்தாலும் நான் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

அன்று பறவைக் கணக்கெடுப்புக்காக விடியும் முன்பே வீராம்பட்டினத்தில் சேர்ந்தோம். நீ, நான், குழுத் தலைவர் தணிகாசலம் சார். அவர் தோளில் குழந்தையைச் சாய்த்த மாதிரி அந்த நீளக் கேமரா. நீ முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில் பார்த்துச் சொல்வாய், நான் படிவத்தில் எழுதுவேன். என் கையெழுத்து அழகு என்று நீ முதல் வருஷம் சொன்னாய். அதிலிருந்து எந்தக் கணக்கெடுப்புக்குப் போனாலும் எழுதுகிறவள் நான்தான். எழுதுகிறவள் தலை நிமிரக் கூடாது, நிமிர்ந்தால் ஓர் எண் விட்டுப்போகும் என்பது நம் வழக்கம். அதனால் எத்தனையோ பறவைகளை நான் உன் குரலில்தான் பார்த்திருக்கிறேன்.

தெற்கே நடந்தபோது மட்டும் என் கண்ணாலேயே பார்த்துக்கொண்டேன். கரையேற்றிய படகுகளின் விளிம்பில் ஆலாப் பறவைகள் உட்கார்ந்திருந்தன, எல்லாம் ஒரே பக்கம் காற்றுக்கு முகம் கொடுத்து. ஈர மணலில் சின்ன உள்ளான்கள் அலையைத் துரத்திக்கொண்டு ஓடின, அலை திரும்பினால் இவையும் திரும்பி ஓடின. நீ வலை காயப்போட்ட ஒரு அக்காவிடம் வழி கேட்டாய். கொக்கு எண்ணுவதற்குக்கூட காலேஜில் படிக்க வேண்டுமா என்று அவர் கேட்க, நீ சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்தது.

சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக்கு வரும்போது மணி எட்டு தாண்டிவிட்டது. பௌர்ணமிக்கு முந்தின நாள், கடல் ஏறியிருந்தது. தண்ணீர் மூடாமல் மிச்சமிருந்தது நடுவில் அந்த ஒரு மணல் திட்டு மட்டும்தான். அதன்மேல் உப்புக்கொத்திகளும் பவளக்காலிகளும் உள்ளான்களும் நெருக்கியடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில், அலகை முதுகில் செருகித் தூங்கின. நாம் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு கடல் பக்கம் நின்றோம். நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

பிறகு பெரிய போர்வையை உதறின மாதிரி சத்தம். கூட்டம் எழும்பியது. நீ சொன்னாய், ‘இடையூறு. மனிதர். ஒருவர், வலையுடன்.’ நான் படிவத்தில் அதற்கென்று இருக்கும் கடைசிப் பத்தியில் எழுதினேன். எழுதி முடித்துத்தான் தலையைத் தூக்கினேன்.

திட்டுக்கு அந்தப் பக்கம், முழங்கால் தண்ணீரில், தோளில் வீச்சுவலையோடு, நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள் நின்றார். தலையில் சிவப்புத் துண்டு. பக்கத்தில் சின்னத் தோணி.

கவி, அது என் அப்பா.

பத்தொன்பதாம் தேதி செய்தித்தாளில் சாரின் படம் பாதிப் பக்கத்துக்கு வந்ததை நீ பார்த்திருப்பாய். ‘வலைக்குத் தப்பிய வலசைப் பறவைகள்’ என்று தலைப்பு. வானம் நிறையப் பறவைகள், கீழே என் அப்பாவின் முதுகு. இருபத்துநான்காம் தேதி வனத்துறைக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள். பறவை பிடிக்கிறவர் என்று சொல்லித் தோணியையும் வலையையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பிப்ரவரி இருபத்துநான்கில் விசாரணை. அதில் குற்றம் உறுதியானால் தோணி திரும்பாது, முகத்துவாரத்தில் அப்பா இனி கால் வைக்கவும் முடியாது. மில் மூடிய பிறகு அவர் மெல்ல மெல்லப் பழகிய தொழில் இது. மடவை மீனுக்கும் இறாலுக்கும் வீசுகிற வலையில் உள்ளானை எப்படிப் பிடிப்பது என்று அவரே என்னிடம் கேட்கிறார்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதை இப்போது கேட்கவில்லை. முதலில் அந்தப் பறவைகளை யார் எழுப்பியது என்று உனக்கு நினைவிருப்பதை நீயே எழுது.

உன்
தாமரை


கோயம்புத்தூர்
2.2.2025

என் அன்புத் தாமரை,

உன் கடிதத்தை விடுதி வராந்தாவில் நின்றே படித்தேன். பிறகு அறைக்கு வந்து அழுதேன். நம்பு. கையால் எழுதி எத்தனை வருஷமாகிறது தெரியுமா, இரண்டு வரியிலேயே விரல் வலிக்கிறது. உனக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவர் உன் அப்பா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ ஏன் அப்போதே சொல்லவில்லை? மூன்றடி தூரத்தில் நின்றாய். ‘கவி, எங்கப்பாடி’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வரியே இருந்திருக்காதே. அப்பா மில்லில் இருந்தார் என்று மட்டும்தான் நீ எப்போதும் சொல்வாய். இரண்டு வருஷத்தில் உங்கள் வீட்டுக்கு ஒருமுறைகூட என்னைக் கூப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் நீ எத்தனை தடவை சாப்பிட்டிருப்பாய்? இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கும் மனசு இருக்கிறது.

இரண்டாவது, நான் பார்த்ததைத்தான் சொன்னேன். அங்கே ஒருவர் இருந்தார், வலை இருந்தது. பறவை பிடித்தார் என்று நான் சொல்லவும் இல்லை, நீ எழுதவும் இல்லை. செய்தித்தாள்காரர்கள் வைத்த தலைப்புக்கு நானோ சாரோ என்ன செய்ய முடியும்? கூட்டம் எப்படி எழும்பியது என்று கேட்கிறாய். எனக்கு உண்மையிலேயே சரியாக நினைவில்லை. நான் தொலைநோக்கியில் கண் வைத்திருந்தேன். செம்பருந்து ஏதாவது மேலே வந்திருக்கலாம்.

உங்கள் அப்பா மன்னிப்புக் கடிதம் மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நீயே அழகாக எழுதிக் கொடுக்கலாமே.

இங்கே விடியலில் கடுங்குளிர். குளக்கரையில் வாத்துக் கூட்டம் பார்க்கும்போதெல்லாம் உன் நினைவுதான், பக்கத்தில் எழுத ஆள் இல்லையே என்று. அம்மா உன்னைக் கேட்டதாகச் சொன்னார்கள். பைனாகுலர் உன்னிடமே இருக்கட்டும், அவசரமில்லை.

கோபித்துக்கொள்ளாதே.

என்றும் உன்
கவிநிலா


தவளக்குப்பம்
6.2.2025

கவிநிலாவுக்கு,

செம்பருந்து எதுவும் வரவில்லை. வந்திருந்தால் நீ சொல்லியிருப்பாய், நான் எழுதியிருப்பேன். அன்றைய தாளில் செம்பருந்துக்கு நேரே சுழியம் இருக்கிறது. தாள் உன்னிடம்தானே இருக்கிறது, எடுத்துப் பார்.

நினைவில்லை என்கிறாய். நான் தலை குனிந்து எழுதுகிறவள், ஆனால் காது குனியவில்லை. தணிகாசலம் சார் சொன்னார், உட்கார்ந்திருக்கிற பறவையை எவன் பார்ப்பான், இறக்கை விரித்தால்தான் படம் என்று. பிறகு கை தட்டினார், இரண்டு தடவை. பாதிக் கூட்டம் எழும்பி ஒரு வட்டம் அடித்துத் திரும்ப உட்கார வந்தது. அப்போது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘சார், இன்னொரு வாட்டி தட்டுங்க. எண்ணி முடிக்கல. பறக்கறப்ப எடுத்துட்டா வீட்ல போயி படத்துல எண்ணிக்கலாம்.’ அவர் மறுபடி தட்டினார். மொத்தக் கூட்டமும் எழும்பியது. அந்த நேரம் பார்த்துத்தான் தோணியை விட்டு இறங்கியதாக என் அப்பா சொல்கிறார். நீ தொலைநோக்கியைத் திருப்பினாய், இடையூறு என்று கூப்பிட்டாய்.

உன் கண் தொலைநோக்கியில் இருந்தது, சரி. உன் வாய் எங்கே இருந்தது?

தூங்குகிற பறவையை எழுப்பக் கூடாது, கடல் ஏற்றம் இறங்கும்வரை அவற்றுக்கு இடம் வேறு இல்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். சைபீரியாவிலிருந்து வருபவை, ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நீ வகுப்பு எடுத்தபோது கரும்பலகையில் படம் வரைந்தது நான். அப்படியானால் அந்தப் பத்தியில் ‘மனிதர், மூவர், கேமராவுடன்’ என்று ஏன் வரவில்லை? நம் படிவத்தில் நமக்கு ஒரு இடமும் இல்லையா? வலை வைத்திருப்பவர் மட்டும்தான் மனிதர், நாம் யார்?

ஜீப்பில் வந்தவர்களைப் பற்றி முதல் கடிதத்தில் முழுதாக எழுதவில்லை. கூச்சமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன். அந்த அதிகாரி நம் தாளின் நகலைக் கையில் வைத்திருந்தார். அப்பா எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதிகாரி என்னைப் பார்த்து, ‘படிச்ச பொண்ணுதானேம்மா நீ? இன்னா எழுதியிருக்குதுன்னு உங்கப்பாவுக்கு வாசிச்சுக் காட்டு’ என்றார். அவருக்குத் தெரியாது. நான் வாங்கினேன். என் கையெழுத்து. வாசித்தேன், கவி. ‘இடையூறு: ஒருவர், வலையுடன்’ என்று என் அப்பாவிடமே வாசித்தேன்.

வாசிக்கும்போது அப்பா காகிதத்தை எட்டிப் பார்த்தார். ரேஷன் மனுவிலிருந்து பேங்க் சலான் வரைக்கும் எட்டாவதிலிருந்து அவருக்கு நான்தான் நிரப்புகிறேன். என் கையெழுத்து எப்படி இருக்கும் என்று அவருக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். போய்த் தோணியின் கயிற்றை அவரே அவிழ்த்துக் கொடுத்தார்.

அம்மாவுக்கு அன்று சாயங்காலம் நானே சொன்னேன். சோறு வடித்துக்கொண்டிருந்தார். ‘கொக்கு எண்ணப் போனவ அப்பனையும் சேத்து எண்ணிட்டு வந்துட்டியா’ என்றார்.

நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். அதற்கு மட்டும் உன்மேல் எனக்குக் கோபமில்லை, ஏனென்றால் அது உண்மை. நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் மேசைக்கு மேலே, பிரெஞ்சுப் பட்டாள உடையில் உன் தாத்தாவின் படம் மாட்டியிருக்கும். அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம், எங்கப்பா மில்லில் இருந்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். மில் என்றால் சம்பளம், அடையாள அட்டை. முழங்கால் சேற்றில் நிற்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் காலையிலும் வரவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். உன்னுடையதை என் தலையில் வைக்காதே.

மன்னிப்புக் கடிதம் நான் அழகாக எழுதிக் கொடுக்க வேண்டுமாம். எதற்கு மன்னிப்பு? இறங்கி நின்றதற்கா?

தாமரைச்செல்வி


கோயம்புத்தூர்
12.2.2025

தாமரை,

நினைவிருக்கிறது. போதுமா? எல்லாம் நினைவிருக்கிறது. அன்றைக்கே நினைவிருந்தது.

இப்போது நான் சொல்வதையும் கேள். இங்கே பறவை ஆராய்ச்சி வேலையில் நான் சேர்ந்தது சார் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தில். ஆறு மாதம் சோதனைக் காலம். அந்தப் படத்துக்கு அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைக்கப்போகிறார்கள். இந்த நேரத்தில் கை தட்டியது அவர், தட்டச் சொன்னது நான் என்று எழுதிக் கொடுத்தால் அவர் பெயரும் போகும், என் வேலையும் போகும். உங்கள் அப்பாவுக்கு ஒரு தோணி. எனக்கு வாழ்க்கை முழுக்கப் படித்த படிப்பு. நீயே யோசித்துப் பார்.

அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் அப்பாவுக்குப் புது வலை வாங்கித் தருகிறோம். தேவைப்பட்டால் தோணிக்கும் ஏற்பாடு செய்யலாம். வேறு பக்கம், அரியாங்குப்பத்தாற்றில் தொழில் செய்துகொள்ளட்டுமே. இதை நம் இரண்டு பேருக்குள் முடித்துக்கொள்வோம்.

நம் சிநேகிதத்தை ஒரு வரிக்காக உடைக்காதே.

கவி


தவளக்குப்பம்
15.2.2025

கவிநிலாவுக்கு,

உன் கடிதத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும், வலை வாங்கித் தருவதாகச் சொன்னதையும். இந்த வீட்டில் இனி எந்தக் காகிதத்தையும் ஒளித்து வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

அப்பா இப்போது நெல்லித்தோப்பில் ஒரு கடைக்கு மூட்டை இறக்கப் போகிறார். ஐம்பத்தாறு வயசு. தோள் வீங்கியிருந்தது, அம்மா தவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். ‘வாழ்க்கை முழுக்கப் படித்த படிப்பு’ என்ற இடம் வந்ததும் அப்பா, இன்னொரு தடவை வாசி என்றார். வாசித்தேன். ‘அந்தப் பொண்ணு சொல்றது நெஜந்தான். படிப்பு போனா திரும்பாது. உன்னுதும் அப்டித்தான்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை எரிக்கிறது.

அப்போதுதான் நான் இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன். நீ ஏம்பா அன்னைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன என்று. வனத்துறை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தபோதும் முதலில் அதைத்தான் கேட்டார்களாம். தப்பு செய்யாதவன் கேமராவைப் பார்த்ததும் ஏன் முகத்தை மறைக்கிறான் என்று. அப்பா, வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருக்கிறார். வெயிலுக்குப் பயந்தவன் இந்தத் தொழிலுக்கு வருவானா என்று எல்லாரும் சிரித்தார்களாம்.

என்னிடம் சொன்னார், ‘தூரத்துலயே உன்னப் பாத்துட்டேம்மா. தொப்பி போட்டுக்கினு, கழுத்துல அந்தத் தூரக்கண்ணாடிய மாட்டிக்கினு நின்ன. பெரிய மனுசங்ககூட நிக்கறே. நானு இந்தக் கோலத்துல உன்னக் கூப்ட்டுடுவேனோன்னு உனக்குப் பயம் வந்துடக் கூடாதுன்னு திரும்பிக்கினேன்.’

கவி, செய்தித்தாளில் ஊரே பார்த்த அந்த முதுகு எனக்காகத் திரும்பியது. நான் அவரைத் தெரியாதவள் மாதிரி நின்றேன், அவர் என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றார். அவர் அதைப் பிரியத்தில் செய்தார். நான் எதில் செய்தேன் என்று எனக்குத் தெரியும். அலுவலகத்திலும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. எழுதியது என் மகள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் தாள்மேலேயே சந்தேகம் வந்திருக்கும். சொல்லவில்லை, என் படிப்புக்குப் பழி வரும் என்று.

ஒரு தோணிதானே என்கிறாய். அரியாங்குப்பத்தாற்றுக்குப் போகச் சொல்கிறாய். அந்த மணல் திட்டில் ஏற்றத்தின்போது வந்து உட்கார்கிற பறவைக்கு வேறு இடம் இல்லை என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறாயே, அவருக்கு மட்டும் எங்கே வேண்டுமானாலும் இடம் இருக்கிறதா? வலையை உன் அம்மா வாங்க வேண்டாம். அவருடைய வலை இருக்கிறது. அது ஒரு அலுவலகத்தின் பின்புறம் மழையிலும் வெயிலிலும் கிடக்கிறது. அதுதான் வேண்டும்.

நேற்று நான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். வாசலில் அரை மணி நேரம் வேப்ப மரத்தடியில் நின்றேன், பிறகு உள்ளே போனேன். அந்தத் தாளை எழுதியவள் நான், படத்தில் இருப்பவர் என் அப்பா, பறவைகளை எழுப்பியது நாங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ‘நாங்கள்’ என்றுதான் எழுதினேன், யார் பெயரையும் எழுதவில்லை. அதே அதிகாரிதான். காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கு என்னை வாசிக்கச் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பிறகு, மகள் எழுதிக் கொடுத்தால் அப்பனுக்காகச் சொல்கிறாள் என்பார்கள் என்றார். படிவத்தின் அடியில் இரண்டு கையெழுத்து இருக்கிறது, பார்த்தவர், எழுதியவர். திருத்துவதானால் அசல் தாளில் இரண்டு பேரும் திருத்த வேண்டும், விசாரணைக்கு முன்னால் அது வந்தால் போதும் என்றார்.

அதனால்தான் மறுபடி எழுதுகிறேன். பைனாகுலரைத் தனிப் பார்சலில் அனுப்பிவிட்டேன். எனக்கு இனி அது வேண்டாம். முந்தாநாள் காலை முகத்துவாரத்துக்கு நடந்து போனேன். திட்டில் பவளக்காலிகள் இருந்தன. வெறுங்கண்ணிலேயே அந்தச் சிவப்புக் கால்கள் தெரிகின்றன. இரண்டு வருஷம் நான் ஏன் தலை குனிந்தே இருந்தேன் என்று தெரியவில்லை.

முதல் கடிதத்தில் கேட்காமல் நிறுத்தியதை இப்போது கேட்கிறேன். நம் வழக்கம் உனக்குத் தெரியும், தாளில் எதையும் அழிக்கக் கூடாது. தப்பானதன்மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியானது, அதன் பக்கத்தில் கையெழுத்து. அந்த வரியின்மேல் நீ கோடு போடு. பக்கத்தில் ‘மனிதர், மூவர், கேமராவுடன்’ என்று உன் கையாலேயே எழுது. எழுதியவர் என்ற இடத்தில் நான் போட்டுக்கொள்கிறேன். பார்த்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, இருபத்துநான்காம் தேதிக்குள் எனக்குக் கிடைக்கும்படி அந்தத் தாளை அனுப்பு.

எழுதியவர்,
க. தாமரைச்செல்வி
த/பெ. கன்னியப்பன்